வாளி நிரம்பும் வரை

ஜூன் 4, இரவு

அன்புள்ள அக்கா,

உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. அதனால்தான் போர்வைக்குள் எழுதுகிறேன். முழங்காலின் மேல் பூகோளப் புத்தகம், அதன் மேல் தாள், பல்லுக்கு நடுவில் டார்ச். எழுத்து கோணிக்கொண்டு போனால் திட்டாதே. எச்சில் பட்டு ஓர் இடம் கலங்கியிருக்கிறது, அது அழுகை இல்லை.

உன் முகவரியை அம்மாவின் கைப்பையிலிருந்து எடுத்தேன். அம்மாவிடம் அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

விஷயம் இதுதான். ‘ஒன்பதாம் மாடி’ பாட்டுக் குழு நம் ஊருக்கு வருகிறது. பஸ் நிறுத்தத்தில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நின்று, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டேன். நான்கு பேரும் நரைத்துப்போயிருக்கிறார்கள். டிரம்ஸ்காரருக்கு வழுக்கை. பாடகர் கண்ணாடி போட்டிருக்கிறார், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அதே முறைப்பு.

இது அவர்களுக்கு முப்பதாவது வருடமாம். அதனால் போகிற ஊரிலெல்லாம் ஒரே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே வாசிக்கப் போகிறார்கள். எது என்று அந்தந்த ஊர்தான் சொல்ல வேண்டும். வானொலியில் அறிவித்தார்கள்: அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பம் எது, ஏன் என்று எழுதி அனுப்புங்கள். நல்ல கடிதங்களை இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலைச் செய்தி முடிந்ததும் படிப்பார்கள். பாடகரே ஸ்டுடியோவில் உட்கார்ந்து கேட்டு ஒரு கடிதத்தைத் தேர்ந்தெடுப்பார். அதை எழுதியவருக்கு முன்வரிசையில் இரண்டு இடம்.

நான் எழுதிவிட்டேன். தபாலிலும் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் விழுந்த பிறகு கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

எந்த ஆல்பம் என்று உனக்குத் தெரியாதா என்ன. ‘வாளி நிரம்பும் வரை’தான். நீ போன மறுநாள் அப்பா உன் ரிக்கார்டரையும் டேப்புகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டபோது இந்த ஒன்றை மட்டும் என் ஸ்வெட்டரின் கைக்குள் தள்ளிவிட்டேன். பள்ளி முடிந்ததும் தையற்கடையில் உட்கார்ந்து கேட்பேன். அந்தக் கடைக்காரம்மாவின் பெண் என் வகுப்புதான், அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுடைய வாக்மேன் சில ராத்திரிகள் என்னிடம் இருக்கும்.

கடிதத்தில் என்னென்ன எழுதினேன் தெரியுமா. முதல் பாட்டுக்கு முன்னால் தண்ணீர் விழும் சத்தத்தைப் பற்றி ஒரு பத்தி. பாடகர் ‘பால்கனி’யில் பையன் குரலிலும், அடுத்த பாட்டிலேயே தேய்ந்துபோன கிழக்குரலிலும் பாடுகிறாரே, அந்த நடிப்பைப் பற்றி ஒரு பத்தி. ‘கடைசிப் படி’ ஆரம்பிக்கும் முன் ஓர் இருமல் வருமே, அதைப் பற்றித்தான் அதிகம். பாட வேண்டியவர் பாடாமல் ஒரு நிமிடம் தயங்கி இருமுகிறார், முப்பது வருடத்தில் யாரும் இவ்வளவு உண்மையாக இருமியதில்லை என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு பயம். பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் எழுத வேண்டும் என்று விதி. எழுதிவிட்டேன். எனக்கு வீட்டிலும் அப்பா, பள்ளியிலும் அப்பா. கணக்கு வகுப்பில் என்னை ‘ஏம்மா, மூணாவது பெஞ்சு’ என்றுதான் கூப்பிடுகிறார். வானொலியில் என் பெயர் வந்தால் டேப் விஷயமும் வெளியே வந்துவிடும். படிக்கவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். படிக்காவிட்டால் தாங்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது.

நான் ஜெயித்தால் இரண்டாவது இடம் உனக்கு. எல்லாம் அதற்குத்தான். வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்னவர் ஹாலுக்குள் வரக் கூடாது என்று சொல்லவில்லையே.

தையற்கடை முகவரிக்குப் பதில் போடு. சீக்கிரம்.

எலி

*

ஜூன் 10

என் எலிக்கு,

உன் கடிதத்தை மேடைக்குக் கீழே கேபிள் சுற்றிக்கொண்டே படித்தேன். முதலில் என்னவோ ஆயிற்று, அதை விடு. இருமல் வந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் ஹால் மேனேஜர் குனிந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா, ஷாக் அடிச்சிருச்சா?” என்றார்.

நீ இப்போது எங்காவது உட்கார்ந்துகொள். போர்வைக்குள் வேண்டாம், காற்று வருகிற இடத்தில் உட்கார்.

அப்படி ஓர் ஆல்பமே கிடையாது.

அது நான் செய்தது. மேல் வீட்டு டாக்ஸிக்காரர் ஞாபகம் இருக்கிறதா? அவர் வண்டியில் ‘ஒன்பதாம் மாடி’யின் எல்லா டேப்புகளும் இருக்கும். மத்தியானம் அவர் தூங்கப் போகும் முன் ஒவ்வொன்றாகத் தருவார், எழுந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவருடைய பேட்டரி பிளேயரையும் என் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வேன். இரண்டையும் எதிரெதிரே வைத்து, வெளியே பாட்டு கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிடுவேன். வாளி நிரம்பி வழிந்தால் சத்தம் மாறிவிடும், அம்மா கத்துவாள். அதற்குள் ஒரு பாட்டு முடிய வேண்டும். ஒரு வாளிக்கு ஒரு பாட்டு. தலைப்பு வந்த கதை அதுதான். அட்டையில் வாளி வரைந்ததும் நான்தான். கீழே ஒரு வருடத்தை வேறு எழுதிவைத்தேன், பார்ப்பதற்கு நிஜம் போல இருக்கட்டும் என்று.

ஆகவே நீ ஒரு பத்தி எழுதிய தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீர். அந்த நடிப்பு நடிப்பே இல்லை. ‘பால்கனி’ அவர்களுடைய முதல் ஆல்பத்தில் வந்தது, பாடகருக்கு அப்போது மீசை கூட ஒழுங்காக இல்லை. அடுத்து வரும் ‘மூட்டு வலி’ போன வருடப் பாட்டு அல்லவா, நான் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தது. நடுவில் அந்த மனிதருக்கு ஒரு முழு ஆயுள் போய்விட்டது.

இருமியது யார் என்று நீயே கண்டுபிடித்திருப்பாய். குளியலறைக்கு வெளியே துண்டோடு நின்று, கதவைத் தட்டுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து இருமுகிற ஆள் நம் வீட்டில் ஒருவர்தான்.

இப்போது சொல்வதைக் கேள். உடனே வானொலிக்கு இன்னொரு கடிதம் போடு. முதல் கடிதம் தவறுதலாக வந்தது, அதைத் தூக்கி எறியுங்கள், என் தேர்வு ‘இரண்டு நாற்காலி’ என்று எழுது. அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பம் அதுதான். இதில் விவாதத்துக்கே இடமில்லை. நான் விவாதிப்பேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் இடமில்லை.

அக்கா

*

ஜூன் 14, இரவு

அக்கா,

தையற்கடையில் நின்றுகொண்டே படித்தேன். உட்காரச் சொல்லியிருந்தாய், உட்காரவில்லை. படித்து முடித்ததும் அப்படியே துணிக்குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன், அதில் ஊசி இருந்தது.

என் தோழி கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டுத் தையல் மெஷின் மேல் தலையை வைத்துச் சிரித்தாள். “ஏய், உங்கப்பா இருமலுக்கு நீ மார்க் போட்டிருக்கே. அவர் என்னிக்காவது உனக்கு நூத்துக்கு நூறு போட்டிருக்காரா?” என்றாள். கடைக்காரம்மா வாயில் குண்டூசியோடு, “பாவம்டி, விடு” என்றார். அவரும் சிரித்தார்.

எனக்கு உன் மேல் கோபம். நீ பொய் சொன்னாய் என்று சொல்ல முடியாது, நீ எதுவுமே சொல்லவில்லை. அட்டையைச் செய்தாய், வருடம் போட்டாய், அலமாரியில் வைத்தாய், ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இது விளையாட்டு என்று எனக்கு யார் சொல்வார்கள்? மற்ற டேப்புகள் போய்விட்டன. என்னிடம் இருந்தது இந்த ஒன்றுதான். ‘ஒன்பதாம் மாடி’ என்றால் எனக்கு இதுதான். அவர்கள் எப்போதும் ஒரு குளியலறைக்குள் நின்றுகொண்டு பாடுவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அப்படித்தானே கேட்கிறது.

முன்பு அப்பாவுக்கு மட்டும் பயந்தேன். இப்போது ஊருக்கே பயப்படுகிறேன். கணக்கு சார் பொண்ணு, இல்லாத ஆல்பத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதினாள் என்று ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள். அப்பா ஸ்டாஃப் ரூமில் யாரிடமும் பேசமாட்டார், தெரியுமல்லவா. டிபன் டப்பாவைத் திறந்து சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார். அந்தச் சுவருக்கு முன்னால் அவர் எப்படி உட்காருவார் என்று நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் நீ சொன்னபடி எழுத முடியாது. ‘இரண்டு நாற்காலி’யை நான் கேட்டதே இல்லையே. கேட்காத ஆல்பத்தைச் சிறந்தது என்று எப்படி எழுதுவது? இல்லாததைப் பற்றி எழுதியதாவது தெரியாமல் செய்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். உண்மையைச் சொல். அந்த ஒன்பது பாட்டையும் நீ வாய்க்கு வந்தபடி அடுக்கினாயா, யோசித்து அடுக்கினாயா?

எலி

*

ஜூன் 18

எலி,

வாய்க்கு வந்தபடியா? எத்தனை முறை அழித்து எழுதினேன் என்று கேள். ‘பால்கனி’யை முதலில் வைக்கலாமா, நடுவில் வைக்கலாமா என்று அந்த டாக்ஸிக்காரரோடு நான் போட்ட சண்டையில் அவர் இரண்டு சவாரியை விட்டார். “பையன் குரலை முதல்ல வச்சா, அப்புறம் வர்ற எல்லாமே வயசானதாத் தெரியும் பாப்பா” என்றார். அதுதான் வேண்டும் என்றேன். மேலிருந்து குதிக்கலாமா என்று கேட்கிறவனை முதலில் காட்டிவிட்டு, படியேற மூச்சு வாங்குகிறவனை உடனே பக்கத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் குழு இதை ஒருபோதும் செய்யாது. அவர்களுக்குத் தங்கள் பழைய குரலைக் கேட்கவே கூச்சம்.

சரி, போதும். இதோ நிஜமான ஆல்பம். என் டேப்பையே அனுப்புகிறேன், தொலைத்தால் உன்னைத் தொலைத்துவிடுவேன்.

‘இரண்டு நாற்காலி’ எப்படி உருவானது தெரியுமா? டிரம்ஸ்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். பாஸ்காரருக்கு உடம்பு சரியில்லை. ஸ்டுடியோவுக்கு முன்பணம் கட்டியாயிற்று. மிச்சமிருந்த இரண்டு பேர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். தாளம் வர வேண்டிய இடத்திலெல்லாம் வெறும் இடம். பாடகர் அந்த இடம் வந்ததும் ஒரு நொடி காத்திருப்பார், போனவர் அடிப்பார் என்கிற மாதிரி. ஒரு பாட்டில் அவர் காலால் தரையைத் தட்டிவிட்டு உடனே நிறுத்திவிடுவார். ஹாலில் எல்லோரும் போன பிறகு பெரிய ஸ்பீக்கரில் அதைப் போட்டுப் பார்த்தேன். கடைசி வரிசையில் பெருக்கிக்கொண்டிருந்த அண்ணன் துடைப்பத்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நீ அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில் எழுதிப் போட்டுவிடு. தப்பித்துக்கொள்வாய், ஜெயித்தாலும் ஜெயிப்பாய்.

முன்வரிசை இடத்துக்கு நான் வரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. ஆசிரியர் பயிற்சியை விட்டுவிட்டு மைக் செட்டுக்கு ஒயர் பிடிக்கப் போகிறேன் என்றபோது அப்பா என்ன சொன்னார்? “போறதுன்னா முழுசாப் போ” என்றார். நானும் முழுசாகப் போனேன். ஊருக்குள் வந்து, வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஹாலில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி பஸ் ஏறித் திரும்புவது என்னால் முடியாது. வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கத் தோன்றும்.

அக்கா

*

ஜூன் 22, இரவு

அக்கா,

கேட்டேன். நேற்றும் கேட்டேன், இன்றைக்கும் கேட்டேன். காலால் தட்டிவிட்டு நிறுத்துகிற இடத்தில் எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. நீ சொன்னதெல்லாம் சரி. நான் கேட்டதிலேயே இவ்வளவு அழகான ஆல்பம் வேறில்லை. (நான் கேட்டது இரண்டுதான், அதில் ஒன்று இல்லை என்கிறாய்.)

ஆனால் அதில் பால்கனிப் பையன் எங்கே? இரண்டு நாற்காலியிலும் பெரியவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சோகமாக இருக்கிறார்கள், நியாயம்தான். உன் டேப்பில் ஒரே ஆள் பதினெட்டு வயதிலும் இருக்கிறார், மூட்டு வலியோடும் இருக்கிறார், இடையில் ஒரு வாளித் தண்ணீர்தான். எனக்கு அதுதான் வேண்டும். முப்பது வருடம் வாசித்தவர்களிடம் முப்பது வருடத்தையும் கேட்டால் என்ன தப்பு?

நீ எழுதித் தந்ததை நான் அனுப்பவில்லை. அது நன்றாக இருந்தது, ஆனால் நீ எழுதியது என்று ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. நானே எழுதி அனுப்பினேன். பதிலுக்குக் காத்திருந்தால் நீ தடுத்துவிடுவாய் என்று இன்று மாலையே போட்டுவிட்டேன். இதுதான்:

‘ஐயா, சில நாள் முன்பு நான் எழுதிய ஆல்பம் உங்களிடம் இருக்காது. தேட வேண்டாம். அதை என் அக்கா எங்கள் வீட்டுக் குளியலறையில் செய்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் எங்கள் குழாயினுடையது. இருமல் என் அப்பாவுடையது. பாட்டுகள் உங்களுடையவை, எல்லா வருடத்திலிருந்தும் எடுத்தவை. வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். நிஜமான ஆல்பம் ஒன்றையும் கேட்டுப் பார்த்தேன், மிக நன்றாக இருந்தது. ஆனாலும் என் தேர்வை மாற்றவில்லை. நீங்கள் செய்யவில்லை என்பது ஒன்றுதான் அதன் குறை.’

கடைசி வரியை எழுதிவிட்டு எனக்கே பயமாகிவிட்டது. திமிரா இது, அக்கா? பெயர், வகுப்பு, பள்ளி எல்லாவற்றையும் மறுபடியும் போட்டேன். அப்பாவின் இருமல் என்று எழுதிவிட்டு என் பெயரை மறைத்தால் அது அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நான் ஒளிந்துகொள்கிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமையை நினைத்தால் பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில்தான் வருகிறது போலிருக்கிறது.

எலி

*

ஜூன் 28

அக்கா, அக்கா, அக்கா,

எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் தாவிப் பின்னால் போய்ப் பார்க்காதே. இதைப் பகலில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நேற்று மாலை அப்பா மடியில் பரீட்சைத் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். செய்தி முடிந்தது. தாள்கள் சரியும் என்று அவர் எழுந்திருக்கவில்லை. “அதை அணைச்சிடும்மா” என்றார்.

நான் ரேடியோ பக்கத்தில் போய் நின்றேன். கை குமிழ் மேல் இருக்கிறது. அணைத்துவிட்டால் அவர் கேட்கப் போவதில்லை. ஆனால் திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் யாராவது சொல்லுவார்கள். அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சொல்லுவார்கள். அது என்னால் முடியாது, அக்கா.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும்பா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்ன?”

“இருக்கட்டும். நான் எழுதின லெட்டர் வந்தாலும் வரும்.”

அம்மா சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள். அப்பா சிவப்புப் பேனாவை மூடினார். அது இன்னும் பயமாக இருந்தது.

முதலில் ஒரு பஸ் டிரைவர் எழுதியது வந்தது. அவர் ‘இரண்டு நாற்காலி’க்கு எழுதியிருந்தார். இருட்டில் காலி பஸ்ஸை டிப்போவுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது அதைத்தான் பாடிக்கொள்வாராம், நீ எழுதியதைவிட நன்றாக எழுதியிருந்தார். பிறகு இரண்டு மூன்று கடிதங்கள். பிறகு அறிவிப்பாளர், “இப்ப ஒரு வினோதமான கடிதம்” என்றார். என் பெயரைச் சொன்னார். வகுப்பைச் சொன்னார். பள்ளியைச் சொன்னார்.

முழுவதையும் படித்தார், அக்கா. இருமல் என்ற இடத்தில் ஸ்டுடியோவில் எல்லோரும் சிரித்தார்கள், பாடகர் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. “அந்த அப்பாவுக்கு நாங்க சம்பளம் தரணும்” என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வரிசையை ஒருமுறை தாமே மெதுவாகப் படித்தார். “பால்கனிய நாங்க மேடையில பாடி இருபது வருஷம் ஆச்சு. அந்தப் பையன் பக்கத்துல நிக்க எனக்கு வெக்கமா இருக்கும். இந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, அது உண்மை. நாங்க செய்யலை. செஞ்சிருக்கணும்” என்றார்.

ஆனால் பஸ் டிரைவர்தான் ஜெயித்தார். நம் ஊரில் ‘இரண்டு நாற்காலி’தான் வாசிக்கப் போகிறார்கள். நீ இப்போது துள்ளிக்குதித்துக்கொண்டிருப்பாய், துள்ளிக்கொள்.

அம்மா ரேடியோவை அணைத்தாள். அப்பா, “அந்த டேப் எங்க?” என்று கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றவில்லை. ஸ்வெட்டரோடு கொண்டுவந்து கையை உதறினேன், டேப் அவர் காலடியில் விழுந்தது. அட்டையை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “வாளிக்குக் கைப்பிடி தப்பா போட்டிருக்கா” என்றார். பிறகு, “எதுல கேக்கறே?” வாக்மேனையும் எடுத்துவந்தேன். ஒரு குற்றம் இரண்டாயிற்று.

அப்பா ஹெட்போன் மாட்டிப் பார்த்ததில்லை அல்லவா நீ? கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரீட்சைத் தாள்களைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எந்தப் பாட்டு ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஓர் இடத்தில் கண்ணைத் திறந்து குளியலறைக் கதவைப் பார்த்தார், அப்போது மட்டும் தெரிந்தது. ஒரு பக்கம் முடிந்ததும் தாமே எடுத்து மறுபக்கம் போட்டார். ஒரு பாட்டைப் பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டார்.

முடிந்ததும் கழற்றினார். காது இரண்டும் சிவந்திருந்தது. நான் அடிக்குத் தயாராகத்தான் நின்றேன், அவர் அடித்ததே இல்லை என்றாலும்.

“ஏழாவது பாட்டு அந்த எடத்துல இருக்கக் கூடாது” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “ஏன்பா?” என்றேன்.

“ஆறாவது பாட்டுல ஒருத்தன் கெளம்பிப் போறான். ஏழாவது பாட்டுல கதவத் தொறன்னு வந்து நிக்கிறான். இப்பத்தானே போனான்? நடுவுல ரெண்டு பாட்டு தள்ளி வச்சாத்தானே போனது போனதா இருக்கும்?”

“அக்கா யோசிச்சுத்தான் அடுக்கினாளாம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா டேப்பை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“யோசிச்சாளா? தப்பா யோசிச்சிருக்கா. எழுதிக் கேளு. ராத்திரி டார்ச்ச வாயில வச்சுக்கிட்டு எழுதாதே, பல்லு போயிடும். மேசையில ஒக்காந்து எழுது.”

அதனால்தான் மேசையில் எழுதுகிறேன். அவர் எதிரில்தான் இருக்கிறார், தாள் திருத்துகிறார். “ஏழாவதைப் பத்தி எழுதினியா?” என்று இதோடு இரண்டாவது முறையாகக் கேட்டுவிட்டார். எழுதிவிட்டேன் என்று காட்டப்போகிறேன்.

எலி

*

ஜூலை 2

எலி,

இந்த மனுஷருக்கு என்ன தெரியும்?

கோபத்தில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். சாப்பிடாமல் எழுதுகிறேன். ஏழாவதை அந்த இடத்தில் வைக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று அவரிடம் சொல். இரண்டு பாட்டு தள்ளி வைத்தால் கேட்கிறவர்கள் போனவனை மறந்துவிடுவார்கள். பிறகு அவன் வந்து கதவைத் தட்டும்போது யாரிவன் என்று இருக்கும். அவன் போன சூடு ஆறுவதற்குள் வந்துவிட வேண்டும். அவன் கிளம்பிப் போகிற பாட்டின் கடைசி ஸ்வரமும் கதவைத் திற என்கிற பாட்டின் முதல் ஸ்வரமும் ஒன்றுதான், அதைக் கவனித்தாரா? கவனித்திருக்க மாட்டார். ஹெட்போனை ஒழுங்காக மாட்டியிருக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டச் சொல்.

பின்னால் ஓட்டி இன்னொரு முறை கேட்டது எந்தப் பாட்டை? அதை ஏன் நீ கேட்கவில்லை? முக்கியமானதையெல்லாம் விட்டுவிடுகிறாய். ‘இரண்டு நாற்காலி’ ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷம், அந்த டிரைவர் நல்ல ரசிகர், ஆனால் அதை நினைத்துப் பார்க்க இப்போது எனக்கு நேரமில்லை.

இதையெல்லாம் எழுத்தில் விளக்க முடியாது. ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்ட வேண்டும். வாக்மேனில் ஆகாது, இங்கிருந்து ஒரு நல்ல ஸ்பீக்கர் கொண்டுவருகிறேன். ஹால் மேனேஜரிடம் லீவு கேட்டுவிட்டேன். “எதுக்கும்மா திடீர்னு?” என்றார். “எங்கப்பாகூட ஒரு தகராறு, நேர்ல போய்த்தான் தீர்க்கணும்” என்றேன். ஒரு வாரம் எடுத்துக்கொள் என்றார்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் வரும் வரை அவர் வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொள்.

அக்கா